கைதட்டலோடு அனுப்பிவிடாதே!

மங்களம் முடிந்தது. தாளத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். 200 நாற்காலி போட்ட கல்யாண மண்டபம். எண்ணிப் பார்த்தால் 23 பேர். அதில் 9 பேர் ஆடிய பெண்ணின் வீட்டார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அது. என் மாணவி அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரைக்கும் முழு மார்க்கமும் ஆடியிருந்தாள். வர்ணத்தின் கடைசித் தீர்மானம் வரை அவளுடைய அரைமண்டி ஒரு விரற்கடைகூட உயரவில்லை. வர்ணத்துக்குப் பிறகு ஒரு பதம். மண்ணைத் தின்ற கண்ணனை யசோதை வாயைத் திறக்கச் சொல்லும் கட்டம். குழந்தையின் மோவாயைப் பிடிக்கும்போது தன் விரல்களை அவள் லேசாக நடுங்க விட்டாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்தது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு கை நடுங்குச்சு பாருங்கம்மா, அங்கதான் எனக்கு உசுரே போயி உசுரு வந்துச்சு. எம் மவன் நாலு வயசுல காசை முழுங்கிட்டான். வாயத் தொறடான்னு நான் புடிச்சப்ப எங் கை அப்பிடித்தான் நடுங்குச்சு" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அந்த வார்த்தையும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

மேக்கப் அறையில் சலங்கையை அவிழ்த்துக்கொண்டே என் மாணவி கேட்டாள்: "யாருமே வரலியே மிஸ். நான் எதுக்கு ஆடணும்?"

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஆடுகிற, ஆட்டுவிக்கிற, சொந்த ஊரில் கைக்காசு போட்டு மேடை கட்டுகிற ஒவ்வொரு தங்கைக்கும் தம்பிக்கும் அந்தப் பதிலை இப்போது உரக்கச் சொல்கிறேன். உனக்கு ஆடத் தெரியும். கேட்கத்தான் தெரியவில்லை!

பத்து வருடம் ஆடக் கற்றாய், ஒரு நிமிடம் கேட்கக் கற்றாயா?

தட்டடவிலிருந்து தொடங்கி எத்தனை வருடம் தட்டியிருக்கிறாய்! பாதம் கொப்பளித்து, காய்ந்து, மறுபடி கொப்பளித்திருக்கிறது. பாட்டுக்கு, மிருதங்கத்துக்கு, வயலினுக்கு, புடவைக்கு, ஒப்பனைக்கு, மண்டபத்துக்கு என்று உன் அப்பா கடன் வாங்கியிருக்கிறார். இத்தனையும் செய்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் என்ன செய்கிறாய்? கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுகிறாய். மனம் நிறைந்து நிற்கிற ரசிகரைக் கைதட்டலோடு அனுப்பிவிடுகிறாய்.

கைதட்டல் அரை நிமிடம். மண்டபத்துச் சுவரைத் தாண்டினால் அது யாருக்கும் கேட்காது. அதே ரசிகர் தன் கைபேசியில் இரண்டு வரி எழுதினால், அது அடுத்த மாதமும் பேசும், அடுத்த வருடமும் பேசும். "நம்ம ஊர்ல நல்ல டான்ஸ் எங்க பாக்கலாம்?" என்று இரவு பதினோரு மணிக்கு யாரோ ஒருவர் தேடும்போது, நீ தூங்கிக்கொண்டிருந்தாலும் உனக்காக அது விழித்திருந்து பேசும்.

ஓட்டலுக்குப் போகுமுன் ரிவ்யூ பார்க்கிறோம். பல் டாக்டரிடம் போகுமுன்னும் பார்க்கிறோம். இரண்டு மணி நேரத்தை ஒரு நாட்டியத்துக்குக் கொடுக்க நினைப்பவர் மட்டும் பார்க்க மாட்டாரா? பார்க்கிறார். உன் பெயரைத் தட்டுகிறார். அங்கே ஒன்றுமே இல்லை. வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். உன் நாற்காலி காலியானது அந்த இடத்தில்தான்!

ஊர் பேசியது, கூட்டம் வந்தது

கலை தானாகவே கூட்டத்தை இழுக்கும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பாதிக் கதையைத்தான் சொன்னார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

1931-இல் சென்னை மியூசிக் அகாடமி, தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்களான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் சகோதரிகளை ஆடவைத்தது. வந்த கூட்டம் சொற்பம். 1932-இன் கடைசியில், தேவதாசிகளின் இந்த ஆட்டம் பொது மேடையில் இருக்கலாமா கூடாதா என்று பத்திரிகைகளில் பெரும் வாதம் மூண்டது. கூடாது என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எழுதினார். வேண்டும் என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் எழுதினார். கடிதத்துக்குக் கடிதம் பதில் வந்தது. 1933 தொடக்கத்தில் கல்யாணியின் மகள்கள் அதே அகாடமி மேடையில் மறுபடி ஆடியபோது கூட்டம் நெருக்கியடித்தது.

அந்த வாதத்தில் எது நியாயம், அதில் மேடையையும் வாழ்வையும் இழந்த பெண்களின் வலி எவ்வளவு என்பது தனியே சொல்ல வேண்டிய பெருங்கதை. நீ இங்கே பார்க்க வேண்டியது ஒன்று. முதல் தடவை காலியாகக் கிடந்த நாற்காலிகளை இரண்டாம் தடவை நிரப்பியது எது? ஊரின் பேச்சு! எழுத்தில் ஏறிய பேச்சு!

பிறகு ஆனந்த விகடனில் எழுத்தாளர் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆடலையும் பாடலையும் பற்றி எழுதினார். சங்கீத மேடையே தெரியாத வீடுகளுக்கும் அந்தப் பேனா கச்சேரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னாளில் விமர்சகர் சுப்புடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் மேடைக்குப் பின்னால் இதயம் படபடக்கும். மறுநாள் அவர் என்ன எழுதுவார் என்று காத்திருந்தவர்கள் ஆயிரம் பேர். ஆனால் அவர்களுடைய பேனா எத்தனை ஊருக்கு வரமுடியும்? உன் ஊர் மண்டபத்துக்கும், உன் கோயில் பிராகாரத்துக்கும், உன் பள்ளி ஆண்டு விழாவுக்கும் எந்தச் சுப்புடு வந்தார்?

இன்று வருகிறார். 23 பேர் வந்தால் 23 சுப்புடுகள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேனா இருக்கிறது, அதற்குக் கைபேசி என்று பெயர். அந்தப் பேனாவைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவள் நீ!

சின்னவனுக்குத்தான் இது பெரிய ஆயுதம்

"பெரிய பேர் உள்ளவங்களுக்குத்தான் இதெல்லாம் எடுபடும்" என்பாய். தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறாய். அப்போது ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இருந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'யெல்ப்' தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது என்று கண்டார். யாருக்கு உயர்ந்தது தெரியுமா? தனி ஆள் நடத்தும் சின்ன உணவகங்களுக்கு. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அவற்றின் பெயரே ஊருக்குத் தெரியும், யாரும் விசாரிக்கத் தேவையில்லை. பெயர் தெரியாதவரைப் பற்றித்தான் ஜனம் விசாரிக்கும். விசாரிக்கிற இடத்தில் நல்ல சொல் ஒன்று காத்திருந்தால் வென்றுவிடலாம்.

இன்னொன்றையும் கேள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று 2017-இல் இணையக் கடைப் பொருள்களை வைத்துக் கணக்கிட்டது. 5 பேர் கருத்து எழுதிய பொருளை மக்கள் வாங்கும் வாய்ப்பு, ஒருவரும் எழுதாத பொருளைவிட 270 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஐயாயிரம் பேர் வேண்டாம், ஐந்தே பேர்! உணவகமும் கடைச் சரக்கும் நாட்டியமாகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத ஒன்றைத் தேடிப் போகலாமா என்று தயங்குகிற மனித மனம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவைப் பார். 1947-இல் நகரத்துப் பெருவிழாவுக்கு அழைப்பே இல்லாமல் 8 நாடகக் குழுக்கள் போய், விழாவின் ஓரத்தில் தாமே மேடை பிடித்து நடித்தன. அந்த ஓரம்தான் இன்று 'ஃபிரின்ஜ்' என்ற உலகப் பெருவிழா. அங்கே ஒரு சின்னக் குழுவுக்கு நல்ல விமர்சனம் வந்தால், அந்த வரியையும் நட்சத்திரங்களையும் சீட்டில் அடித்துத் தங்கள் சுவரொட்டிகளின் மேலேயே ஒட்டிவிட்டுத் தெருவில் நின்று கூட்டத்தை அழைப்பார்கள். யாருக்கும் கூச்சம் இல்லை. நம் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1963-இல் பெருவிழாவின் அழைப்போடு போய் ஆடிய நகரம் அது. அழைப்பு வந்தவருக்கு ஒரு வாசல், வராதவருக்கு இன்னொரு வாசல். இரண்டாவது வாசலை அவர்களே இடித்துத் திறந்தார்கள். நீயும் திற!

உன்னைப் பூட்டியிருக்கும் இரண்டு பூட்டுகள்

முதல் பூட்டு, கூச்சம். "நானே போய் நல்லா இருந்துச்சுன்னு எழுதுங்கன்னு கேட்கறதா? பிச்சை மாதிரி இருக்கு." அடி தங்கையே, பந்தியில் பரிமாறிய வீட்டம்மா வாசலில் நின்று "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறாளே, அது பிச்சையா? விருந்தோம்பலின் கடைசிப் பரிமாறல் அந்தக் கேள்வி. கேட்காமல் அனுப்பினால்தான் விருந்தாளி மனம் சுருங்கும். புகழ்ந்து எழுதச் சொல்லி நீ கேட்க வேண்டாம். பார்த்ததை எழுதச் சொல்லிக் கேள்.

இரண்டாவது பூட்டு, "தெய்வீகக் கலைக்கு விளம்பரம் எதற்கு" என்ற பேச்சு. சிதம்பரத்தில் சிவராத்திரியை ஒட்டி 1981-இலிருந்து நாட்டியாஞ்சலி நடக்கிறது. ஆடவல்லான் சன்னதியிலேயே நிகழ்ச்சி நிரல் அச்சடித்துத்தான் ஊரைக் கூப்பிடுகிறோம். தேருக்கு முன்னால் மேளம் போவது எதற்கு? தேர் வருகிறது என்று தெருவுக்குச் சொல்லத்தான். உன் ரசிகரின் இரண்டு வரி உன் தேருக்கு முன்னால் போகும் மேளம்.

நாளைக்கே செய்!

வீரவசனம் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதே. எழுந்து செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

உன் நாட்டியப் பள்ளியையோ குழுவையோ கூகுள் மேப்பில் பதிவு செய். அதற்குக் காசு கிடையாது. வீட்டிலேயே வகுப்பு எடுக்கிற பெண்ணா நீ? வீட்டு முகவரியை வெளியே காட்டாமல், எந்தெந்த ஊருக்குச் சேவை செய்கிறாய் என்று மட்டும் காட்டிப் பதியும் வசதி இருக்கிறது. பெயரைத் தமிழிலும் ரசிகருக்குப் புரியும்படி வை. பதிவு முடிந்ததும் கருத்துக் கேட்பதற்கென்றே ஒரு சுட்டியும் க்யூஆர் கோடும் கிடைக்கும். அந்த க்யூஆரைப் பெரிதாக அச்சடித்து, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் வை. மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். செருப்பு மாட்டும் இடத்தில்தான் மனிதர் நிற்கிறார், மனம் இன்னும் ஆட்டத்திலேயே இருக்கிறது.

நன்றியுரையை ஏழு நிமிடம் இழுக்காதே. மங்களம் முடிந்த கையோடு, வியர்வை காயுமுன், ஆடியவளே மைக்கைப் பிடித்து ஒரே கேள்வி கேட்கட்டும்: "இன்னைக்கு ஆடினதுல எந்த இடம் உங்க மனசுல நின்னுச்சு? அதை மட்டும் ரெண்டு வரி எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க." எழுதுவதற்கு இரண்டு நிமிடம் விளக்கைப் போட்டு, அமைதியாகக் காத்திரு.

கேள்வியை ஏன் இப்படிக் கேட்கச் சொல்கிறேன்? "ரிவ்யூ போடுங்க" என்றால் "சூப்பர்" என்று வரும். ஆயிரம் 'சூப்பர்' சேர்ந்தாலும் ஒரு முகம் தெரியாது. "எந்த இடம்?" என்று கேட்டால்தான் நடுங்கிய விரல் வரும், விழுங்கிய காசு வரும். இடத்தைச் சொல்கிற வரியைப் படிப்பவருக்கு அந்த இடத்தைப் பார்க்க ஆசை வரும். ஆசை வந்தால் ஆள் வரும்.

வந்த ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுது. பெயர் சொல்லி, அவர் குறிப்பிட்ட இடத்தைச் சொல்லி நன்றி கூறு. எழுதியவரிடம் அனுமதி கேட்டு, சிறந்த ஒரு வரியை அடுத்த அழைப்பிதழில் போடு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வை. "அனைவரும் வருக" என்ற வரி செய்யாததை அது செய்யும். ஆடுவது குழந்தைகள் என்றால், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெயரோ படமோ எங்கும் ஏறக் கூடாது. இதில் துளி சமரசமும் வேண்டாம்.

ஒற்றை நட்சத்திரம் விழுந்தால்?

விழும். விழத்தான் செய்யும். "ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கினார்கள், வேர்வையில் உட்கார முடியவில்லை" என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போடுவார். அன்று இரவு சோறு இறங்காது. எங்களுக்கும் விழுந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மறுபடி படித்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை! சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து, நேரத்துக்கு வந்த ரசிகரை நாங்கள் அவமதித்திருந்தோம். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த நிகழ்ச்சியை 6 மணி என்றால் 6 மணிக்கே, யார் வந்தாலும் வராவிட்டாலும், தொடங்கினோம்.

வகுப்பில் வாத்தியார் தட்டுக்கழியை ஓங்கி அடித்து "கால் தப்பு!" என்று கத்தியபோது நீ ஓடிப்போனாயா? அந்த அடவை நூறு தடவை போட்டாய். ஒற்றை நட்சத்திரமும் ஒரு தட்டுக்கழிச் சத்தம்தான். திருத்திக்கொள். பொறாமையில் வந்த பொய்யென்றால், இரண்டே வரியில் உண்மையை மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. நான் சொன்ன அதே 2017 ஆய்வு, முழு 5 நட்சத்திரத்தைவிட 4.0 முதல் 4.7 வரை இருக்கும் பொருளையே மக்கள் அதிகம் வாங்கினார்கள் என்றும் கண்டது. குறையே இல்லாத புகழை ஜனம் நம்பாது. ஒரு தழும்பு இருக்கிற முகத்தைத்தான் நம்பும்.

பொய்யைத் தொடாதே!

இந்த இடத்தில் குரலை உயர்த்தியே சொல்கிறேன். "நூறு ரிவ்யூ இவ்வளவு ரூபாய்" என்று ஒருவன் வருவான். விரட்டு! மாணவிகளின் பெற்றோரை ஒரே இரவில் நாற்பது பேர் எழுதச் சொல்லாதே. எழுதினால் கட்டணத்தில் தள்ளுபடி, பரிசு என்று ஆசை காட்டாதே. பாராட்டுவார் என்று தெரிந்தவரிடம் மட்டும் பொறுக்கிக் கேட்காதே. காசுக்கும் பரிசுக்கும் எழுதவைப்பதும், பொறுக்கிக் கேட்பதும் கூகுள் விதிகளுக்கு விரோதம், கண்டுபிடித்தால் அழித்துவிடுவார்கள். நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில், இணையக் கருத்துகளை நேர்மையாகத் திரட்டி வெளியிடுவதற்கென்றே 'ஐ.எஸ். 19000:2022' என்ற தரவிதியைக் கொண்டுவந்தது.

விதியை விடு. உன் மனசாட்சிக்கு வா. தாளம் தப்பினால் பக்கவாத்தியம் மறைத்துவிடும் என்று நீ ஆடுவாயா? பொய்க் கருத்து அப்படி ஒரு மறைப்பு. அதை நம்பி வந்தவர் ஏமாந்து போனால், உன் மண்டபத்துக்கு மட்டுமா வராமல் போவார்? ஊரில் எந்த நாட்டியத்துக்கும் வர மாட்டார். நீ சம்பாதித்த ஒரு பொய், இன்னும் பத்துப் பெண்களின் நாற்காலியைக் காலியாக்கும்.

சதங்கை கட்டிய எல்லாருக்கும்

பரதம் ஆடுகிறவருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. பறையடித்து ஆடும் தம்பியே, கரகம் சுமக்கும் அக்காவே, ஒயிலாட்டத்துக்குக் கைக்குட்டை வீசும் அண்ணனே, உங்களுக்குத்தான் இது இன்னும் அவசரம். உங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் விமர்சனம் எழுத எத்தனை பேர் இருந்தார்கள்? திருவிழாவில் விடியவிடிய ஆடுகிறீர்கள். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள். அந்த வீடியோவில் உங்கள் குழுவின் பெயர் இல்லை, ஊர் இல்லை, கூப்பிட வழி இல்லை. நடுவில் நிற்கும் தரகர் சொன்னதுதான் சம்பளம்.

குழுவின் பெயரைப் பதியுங்கள். ஆட வந்த ஊரில் விழாக் குழுவினரிடமும், பார்த்த இளைஞரிடமும் இரண்டு வரி கேளுங்கள். "சொன்ன நேரத்துக்கு வந்தாங்க, ரெண்டு மணி நேரம் அடி ஓயல, பெரியவங்க எல்லாம் எழுந்து ஆடினாங்க" என்று ஒருவர் எழுதினால், அடுத்த ஊர்க்காரர் தரகரைத் தேடாமல் நேரே உங்களைக் கூப்பிடுவார். உங்கள் கலைக்கு விலையை நீங்களே சொல்லும் நாள் அது.

மூதாட்டி மறுபடி வந்தார்

மறுவருடம் அதே சிற்றூர். அதே மண்டபம். இந்தத் தடவை செருப்பு விடும் இடத்தில் க்யூஆர் அட்டையோடு என் மாணவியே நின்றாள். அதே மூதாட்டி வந்தார், பேத்தியோடு. பேத்தி கையில் கைபேசி.

"போன வருஷம் சொன்னீங்களே பாட்டி, அதை எழுதுறீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதேம்மா."

"நீங்க சொல்லுங்க. உங்க பேத்தி எழுதட்டும்."

அவர் சொல்லச் சொல்ல அந்தச் சிறுமி தன் பெயரில் தட்டினாள். "எங்க ஆயா சொல்றாங்க" என்று தொடங்கி, விழுங்கிய காசு, நடுங்கிய கை எல்லாம் அப்படியே அதில் ஏறின. என் மாணவி பக்கத்தில் நின்று அதைப் படித்தாள். யாருமே வரவில்லையே என்று அழுதவள், 23 பேரில் யார் வந்திருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அதற்கடுத்த நிகழ்ச்சியன்று மாலை ஐந்தேமுக்காலுக்கு, முன்பின் தெரியாத ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். பதினைந்து கிலோமீட்டர் பைக்கில் வந்திருந்தார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்: "அந்தக் கை நடுங்குற இடம்... அது இன்னைக்கு உண்டா அக்கா?"

உண்டு என்றேன். முன்வரிசையில் உட்காரச் சொன்னேன். உள்ளே போய், சலங்கை கட்டிக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கடைசி முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினாள்.

உனக்காகவும் ஒரு வார்த்தை இந்நேரம் எங்கோ பஸ் ஏறப் போகிறது. ஓடு தங்கையே, வாசலுக்கு ஓடு! நிறுத்திக் கேள்!